நித்தியகல்யாணியும் பேரனின் கால்களும்

எங்கள் கிராமத்து வீட்டில் கிணற்றடி ஓரம் நித்தியகல்யாணி தானாகவே முளைத்துக் கிடக்கும். சுடுகாட்டு மல்லி வீட்டுக்கு ஆகாது என்று அம்மா பிடுங்கிப் போடுவாள். அந்தச் செடியின் மருந்து ஒரு நாள் என் பேரன் உடம்பில் ஏறும் என்று அப்போது யார் கண்டது?

அவனுக்கு ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களில் ரத்தப் பரிசோதனை முடிவுகள் தேறின. ஆனால் நடக்கும்போது பாதம் 'தப் தப்' என்று தரையில் விழுந்தது. சட்டைப் பொத்தான் போட வரவில்லை. "காலைத் தூக்கி நடடா" என்று அதட்டினேன். "தூக்க வரல தாத்தா" என்றான். சோம்பல் என்றே நினைத்தேன். வின்கிரிஸ்டின் என்ற மருந்தால் நரம்புக்கு வந்த பாதிப்பு அது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த மருந்தின் கதையைத் தேடிப் படித்தேன்.

1952-ல் கனடா டாக்டர் கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே நித்தியகல்யாணி இலைகள். அங்கே சர்க்கரை வியாதிக்கு அதில் கஷாயம் போட்டுக் குடிப்பார்களாம். அவருடைய தம்பி ராபர்ட் நோபிள், வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அவரும் சார்லஸ் பீரும் 1958-ல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். அமெரிக்காவின் லில்லி மருந்து கம்பெனியில் கார்டன் ஸ்வோபோடாவின் குழு அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டினை எடுத்தது. 1963-ல் அதற்கு அங்கே அனுமதி கிடைத்தது.

செல் இரண்டாகப் பிரிய அதனுள் நுண்குழாய்கள் உருவாக வேண்டும். வின்கிரிஸ்டின் அதைத் தடுக்கிறது. புற்று செல் பெருக முடியாமல் மடிகிறது. நரம்புக்குள்ளும் அதே குழாய்கள்தான் தண்டவாளம் போல் இருந்து, சத்துப் பொருள்களை நுனிவரை கொண்டு போகின்றன. அவை குலைந்தால் மிக நீளமான நரம்புகள் முதலில் தளரும். அதனால்தான் பாதம் தொங்குகிறது, விரல் மரத்துப் போகிறது. சிலருக்குத் தாடை வலி, கடும் மலச்சிக்கல். இதற்காகவே ஒரு வேளை அளவு 2 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆக, நோயைக் கொல்வதும் காலைத் தளர்த்துவதும் ஒரே வேலைதான்.

டாக்டர் அளவைச் சரிசெய்தார், பிசியோதெரபி நடந்தது. சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்து மெல்ல மெல்லத் தேறினான். இப்போது சைக்கிள் ஓட்டுகிறான்.

வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், கால் இடறுவதையும் பொத்தான் நழுவுவதையும் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். இந்த இலையைப் பறித்து வீட்டில் கஷாயம் போடாதீர்கள், அது விஷம். அன்று அவனை அதட்டியது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.