மஞ்சள் கடவைக்கும் ஒரு வரலாறு உண்டு



வெள்ளவத்தை காலி வீதியில் பாடசாலை விடும் நேரம். கடவை இருபது அடி தள்ளித்தான் இருக்கிறது. நாமோ பிள்ளையின் கையை இழுத்துக்கொண்டு இரண்டு பஸ்களுக்கு நடுவே புகுந்து ஓடுகிறோம். கொட்டாஞ்சேனையிலும் இதே கதைதான்.

நம் பாட்டன்மார் நடந்த கொழும்பு வேறு. 1899இல் கோட்டையிலிருந்து மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியது. ஒரு பாதை பொரளைக்கும், மற்றது கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்திலுள்ள கிராண்ட்பாஸுக்கும் போனது. ட்ராம் தண்டவாளத்தை விட்டு விலகாது. அது எந்தப் பக்கம் வரும் என்று நடப்பவருக்குத் தெரியும். 1960இல் ட்ராம் நின்றது. பஸ்ஸுக்கும் த்ரீவீலுக்கும் தண்டவாளம் கிடையாது. நம் நடைதான் இன்னும் மாறவில்லை.

1896இல் லண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண் மோட்டார் கார் மோதி இறந்தார். இப்படி இனி நடக்கக் கூடாது என்று மரண விசாரணை அதிகாரி சொன்னாராம். வெறும் விருப்பத்தால் வீதி திருந்தவில்லை. 1934இல் பிரிட்டிஷ் போக்குவரத்து அமைச்சர் ஹோர் பெலிஷா, கடவைகளில் செம்மஞ்சள் உருண்டை வைத்த கம்பங்களை நட்டார். அதுவும் போதாமல், தூரத்திலேயே சாரதியின் கண்ணில் படும்படி 1951இல் அகலமான வரிகளைத் தீட்டினார்கள். அதே ஆண்டில்தான் நம் நாட்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் வந்தது. கோடுகள் வெள்ளையாகிவிட்ட இடங்களிலும் நாம் 'மஞ்சள் கடவை' என்றே சொல்கிறோம்.

ஆக, கடவை என்பது சாரதி முன்கூட்டியே பார்த்து, வேகத்தைக் குறைத்து நிறுத்துவதற்கான அடையாளம். கோடு இல்லாத இடத்தில் அவர் நம்மை எதிர்பார்ப்பதில்லை. கோடு இருக்கும் இடத்தில் நிறுத்தாவிட்டால் குற்றம் அவருடையது. காலையில் நடக்கும் நாமே மாலையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது நிறுத்துகிறோமா? பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதே நன்மை என்று படித்த நாம், கடைச் சாமானை நடைபாதையில் பரப்பி நடப்பவரை வீதிக்குத் தள்ளலாமா?

எங்கள் வகுப்பு மாணவன் ஒருவனிடம், "ஏன் மகன் கடவையால் வரவில்லை?" என்று கேட்டோம்.

"வாப்பா இப்படித்தானே ஸேர் கூட்டிட்டு வருவார்" என்றான்.

எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் கரும்பலகையில் எழுதுவதை விட, பெற்றோரின் கையைப் பிடித்து நடக்கும்போதுதான் பிள்ளை வீதியைப் படிக்கிறது.

நாளைக்கு அந்த இருபது அடியை நடப்போம், இன்ஷா அல்லாஹ்.