மணியாச்சியில் வெடித்த பெல்ஜியக் கைத்துப்பாக்கி: திருவிதாங்கூர்க் கோணத்தில் சில குறிப்புகள்

சில நாள்களுக்கு முன் திருவனந்தபுரத்தில் ஆய்வு மாணவர்கள் சிலரோடு உரையாடிக்கொண்டிருந்தேன். அவர்களுள் ஒருவர் எளிய வினா ஒன்றை எழுப்பினார்: ‘வாஞ்சிநாதன் கையில் இருந்தது எத்தகைய துப்பாக்கி? ஒருவர் கண்ணிலும் படாமல் அதை ஒரு தொடர்வண்டி நிலையத்துக்குள் எவ்வாறு கொண்டு சென்றார்?’ ஆஷ் கொலையைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. நோக்கம், அமைப்பு, வழக்கு, சாதி, பின்விளைவு ஆகியவை விரிவாகப் பேசப்பட்டுள்ளன. அந்தக் கருவியைப் பற்றி மட்டும் ஒரு வரிக்கு மேல் நாம் எழுதுவதில்லை. அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே இப்பதிவு.

முதலில் நிகழ்வைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1911 ஜூன் 17, காலை பத்தரை மணி கடந்த நேரம். திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ராபர்ட் வில்லியம் டி எஸ்கோர்ட் ஆஷ் தம் மனைவியுடன் கொடைக்கானல் செல்லும் வழியில் மணியாச்சி சந்திப்பில் முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்தார். இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் பெட்டிக்குள் ஏறி மிக அருகிலிருந்து அவரைச் சுட்டார். பின்னர் நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடித் தம்மையும் சுட்டுக்கொண்டார். அவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். பயன்பட்ட கருவி பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி.

இங்கே திருவிதாங்கூர்க்காரர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அன்றைய செங்கோட்டை சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததன்று. திருவனந்தபுரத்திலிருந்து ஆளப்பட்ட திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டது. அது தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்றுதான். வாஞ்சிநாதன் புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் பணியாற்றியவர். திருவனந்தபுரத்தில் கல்லூரிப் படிப்பு பயின்றவர் என்றும் அவர் வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. அவர் பிரிட்டிஷ் இந்தியாவின் குடிமகனல்லர். சுதேச அரசொன்றின் பிரஜை, அதன் ஊதியம் பெற்ற சிற்றூழியர். திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் ஆட்சியில், 1910 செப்டம்பரில், ‘சுதேசாபிமானி’ இதழாசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை நாடுகடத்தப்பட்டதைக் கேரள வரலாற்று நூல்கள் மறவாமல் பதிவு செய்கின்றன. அதே திவானின் காலத்தில், ஒன்பது மாதம் கழித்து, அதே அரசின் ஊழியர் ஒருவர் நிகழ்த்திய கொலையை அவை ‘திருநெல்வேலிச் செய்தி’ என்று ஒதுக்கிவிடுகின்றன.

இனிக் கருவிக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கைத்துப்பாக்கி என்றால் அது பெரும்பாலும் ரிவால்வர்தான். அதன் நடுவே சுழலும் உருளையில் குண்டுகள் இருக்கும். அந்த உருளையே அதன் வலிமை: ஒரு தோட்டா வெடிக்காமற்போனால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்த தோட்டா முன்னே வந்துவிடும். அதன் குறையும் அந்த உருளைதான். இடுப்பில் புடைத்து நிற்கும். படைத்துறையினர் ஏந்திய வெப்லி ரிவால்வர் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ளது. உறையிலிட்டுப் பிறர் காண அணிந்துகொள்ளவே அது ஏற்றது. சட்டைப் பைக்கேற்ற சிறிய ரிவால்வர்களும் இருந்தன. ஐரோப்பாவில் மிதிவண்டியில் செல்வோர் துரத்தும் நாய்களை விரட்டுவதற்கென்றே ‘வெலோடாக்’ என்ற சிறு ரிவால்வர் விற்பனைக்கு வந்தது. எனினும் சிறுமையும் நம்பகமும் ஒரே கருவியில் அமைவது அரிதாகவே இருந்தது.

அந்த நிலையை மாற்றியவை இரண்டு. முதலாவது, 1884-இல் பிரெஞ்சு வேதியியலாளர் போல் வியேய் உருவாக்கிய புகையில்லா வெடிமருந்து. பழைய கரிமருந்து புகையைக் கிளப்பியதோடு குழாயிலும் பொறியிலும் கசடு படியச் செய்தது. நுண்ணிய தானியங்கிப் பொறி அக்கசட்டில் நெடுநேரம் இயங்காது. இரண்டாவது, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரௌனிங்கின் வடிவமைப்பு. பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகே எர்ஸ்டாலில் 1889-இல் தொடங்கப்பட்ட ஃபாப்ரிக் நாசியோனால் நிறுவனம் அதை உற்பத்தி செய்தது. 1900-ஆம் ஆண்டு மாதிரி ஏறத்தாழ 625 கிராம் எடையுள்ளது. நீளம் சுமார் 17 சென்டிமீட்டர். கைப்பிடிக்குள் செருகும் தட்டையான பெட்டியில் 7.65 மில்லிமீட்டர் தோட்டாக்கள் ஏழு. சுடும்போது எழும் பின்னுந்தலே வெற்றுக்கூட்டை வெளியேற்றி அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். துணியில் சிக்கக்கூடிய வெளிச்சுத்தியல் கிடையாது. தற்செயலாக வெடிக்காதிருக்கப் பாதுகாப்புத் தாழ் உண்டு. உடலோடு ஒட்டிக் கிடக்கும் தட்டை வடிவமும் தடையின்றி இயங்கும் பொறியும் ஒன்றுசேர்ந்தன. இவ்விரண்டுக்காகவே பயணிகளும் வணிகர்களும் அதிகாரிகளும் அதை விரும்பி வாங்கினர். ஏழு லட்சம் அளவில் அது விற்றது. பிரெஞ்சு மொழியில் ‘பிரௌனிங்’ என்பதே கைத்துப்பாக்கிக்குரிய பொதுப்பெயராயிற்று.

அன்றாடப் பாதுகாப்புக்கென விற்கப்பட்ட இக்கருவி எங்கெல்லாம் சென்றது என்று பாருங்கள். 1904 ஜூன் 16 அன்று ஹெல்சிங்கியில் ஒய்கன் ஷவ்மன் என்ற அரசு அலுவலர் ரஷ்ய ஆளுநர் போப்ரிகோவை இத்துப்பாக்கியால் சுட்டு, அங்கேயே தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். போப்ரிகோவ் இறந்தது மறுநாள், ஜூன் 17. 1909 அக்டோபர் 26 அன்று ஹார்பின் தொடர்வண்டி நிலையத்தில் கொரியரான ஆன் ஜுங்குன் ஜப்பானிய அரசியல் தலைவர் இத்தோ ஹிரோபுமியைச் சுட்டதும் இந்த மாதிரியால்தான். அதே ஆண்டின் தொடக்கத்தில் சாவர்க்கர் லண்டனிலிருந்து இருபது பிரௌனிங் துப்பாக்கிகளை ஒரு பெட்டியின் போலி அடித்தளத்தில் மறைத்து இந்தியாவுக்கு அனுப்பினார். டிசம்பர் 21 அன்று நாசிக்கில் ஆட்சியர் ஜாக்சனைக் கொல்ல அவற்றுள் ஒன்று பயன்பட்டது. மணியாச்சி இவ்வரிசையில் வருகிறது. ஷவ்மனும் வாஞ்சிநாதனும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் இருவரும் பேரரசொன்றின் அதிகாரியை நோக்கி நடந்த சிற்றலுவலர்கள்; இருவரும் இறுதிக் குண்டைத் தமக்கென வைத்துக்கொண்டவர்கள்.

சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது? லிட்டன் பிரபு காலத்து 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்கள் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்தது; ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தது. மாவட்டத்தில் உரிமம் வழங்கும் அதிகாரம் மாவட்ட நீதித்துறை நடுவரிடம் இருந்தது. அதாவது ஆஷ் வகித்த அதே பதவியிடம். ஆனால் அச்சட்டம் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் செல்லாது. 1910-இன் இறுதியில் அங்கே வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயர் இளைஞர்களுக்குச் சுடும் பயிற்சி அளித்தார் என்றும், வாஞ்சிநாதன் 1911 தொடக்கத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே சென்றார் என்றும் 1918-ஆம் ஆண்டு ரௌலட் குழு அறிக்கை கூறுகிறது. அவ்வறிக்கை ஒடுக்குமுறைச் சட்டத்துக்கு நியாயம் தேடி எழுதப்பட்டது என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்தியே படிக்கவேண்டும்.

திருவிதாங்கூர், பிரெஞ்சு இந்தியா, பிரிட்டிஷ் இந்தியா என மூன்று ஆட்சிகளின் எல்லைகளை ஓர் எழுத்தர் எளிதில் கடந்தார். 1904-இல் கொல்லத்தையும் திருநெல்வேலியையும் புனலூர், செங்கோட்டை வழியாக இணைத்த இருப்புப்பாதை அதற்கு உதவியது. பயணச்சீட்டு வாங்கிய எவரும் ஆட்சியர் அமர்ந்திருக்கும் பெட்டியின் வாசல் வரை செல்லலாம் என்ற நிலையை இருப்புப்பாதை உருவாக்கியது. அங்கே செல்பவரின் சட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாத நிலையைத் தட்டைத் துப்பாக்கி உருவாக்கியது.

கருவியே வரலாற்றை நடத்தியது என்று நான் வாதிடவில்லை. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதும், அதையடுத்த திருநெல்வேலி எழுச்சியும், சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் வீழ்ச்சியும் இல்லாமல் மணியாச்சி இல்லை. கருவியின் எல்லையையும் அந்நிகழ்வே காட்டிவிட்டது. அது பிழையின்றி இயங்கியது, இருவர் மாண்டனர், கணவன் சுடப்பட்டதை ஒரு பெண் நேரில் கண்டாள், செங்கோட்டையில் மற்றொரு பெண் கைம்பெண்ணானாள். எதிர்பார்க்கப்பட்ட கிளர்ச்சி எழவில்லை. பதினால்வர் மீது வழக்கு நடந்தது. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. தமிழகத்தின் தலைமறைவு இயக்கம் அதன்பின் தலைதூக்கவில்லை.

நூறாண்டு கழிந்து, 2012 டெல்லிக் கொடுமைக்குப் பிறகு, கான்பூர்ப் படைக்கலத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரை 2014-இல் பெண்களுக்கென அறிமுகம் செய்தது. ஏறத்தாழ 500 கிராம் எடை, கைப்பையில் அடங்கும், விலை ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். எளிதில் சுமக்கலாம், நம்பி இயக்கலாம் என்ற அதே இரண்டு வாக்குறுதிகள் அப்போதும் முன்வைக்கப்பட்டன. அச்சம் யாருக்கு, யாரிடமிருந்து, அதைப் போக்கும் கடமை யாருக்கு என்ற வினாக்களுக்கு 625 கிராமும் விடை தரவில்லை. 500 கிராமும் தராது.

‘வாஞ்சி மணியாச்சி’ என்று இன்று பெயர் தாங்கி நிற்கும் அந்நிலையத்தை அடுத்த முறை கடக்கும்போது, மாணவர்கள் எர்ஸ்டால் ஆலையையும் புனலூர் வன அலுவலகத்தையும் ஒருசேர எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதே என் விழைவு. திருவிதாங்கூர் வனத்துறைக் கோப்புகளை இக்கோணத்தில் ஆராய முன்வருவோர் எழுதுங்கள், இணைந்து தேடுவோம்.