வசந்தவல்லியின் கதையும் சிங்கியின் வழியும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர், பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். குறவஞ்சி என்பது, தலைவனின் உலாவைக் கண்டு காதல்கொண்ட தலைவிக்கு மலைக்குறத்தி ஒருத்தி குறி சொல்வதையும், அக்குறத்தியைத் தேடி அவள் கணவன் வருவதையும், விருத்தமும் இசைப்பாட்டும் கலந்து ஆடுவதற்கேற்ப அமைக்கும் நாடகச் சிற்றிலக்கியமாகும். தலைவன் கடவுளாக இருந்தாலும் அரசனாக இருந்தாலும், நிகழ்ச்சிகளின் வரிசை பெரிதும் மாறுவதில்லை. மேடைக்கு முன் அமர்ந்தவர்களும் அடுத்து என்ன நடக்கும் என்பதை அறிந்தே அமர்ந்தனர். முன்கூட்டியே வகுக்கப்பட்ட இந்தக் கதைவழியைக் கவிராயர் பின்பற்றிய முறையும், அதிலிருந்து விலகிய முறையும் இலக்கிய வரலாற்றில் தனியே ஆராயத்தக்கவை.

கட்டியக்காரன், அதாவது தலைவனின் வருகையை முன்னறிவிப்பவன், மேடையேறிக் குற்றாலத்து இறைவனான திரிகூடநாதரின் உலாவை அறிவிக்க, அதைக் காண வீதியில் பெண்கள் திரள்கின்றனர். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி இறைவனைக் கண்டு மயங்கி, நிலவையும் மன்மதனையும் பழித்து, தோழியைத் தூதனுப்புகிறாள். பின்னர் மணலில் வட்டமிட்டு அதன் முனைகள் கூடுகின்றனவா என்று பார்க்கும் கூடலிழைத்தலால் தன் காதல் கைகூடுமா என அறிய முயல்கிறாள். இதுவரை கதையின் கேள்வி ஒன்றே: வசந்தவல்லி தலைவனை அடைவாளா? சிங்கி என்னும் குறத்தி வந்து, தெய்வங்களை வேண்டி, கைரேகை பார்த்து, அவள் உள்ளத்தில் இருப்பவர் குற்றாலநாதரே என்று குறி சொல்லிப் பரிசு பெறும் இடத்தில் அக்கேள்விக்கு வாக்களவில் விடை கிடைத்துவிடுகிறது.

ஆனால் சொன்ன குறி பலிப்பதை நாடகம் காட்டுவதில்லை. வசந்தவல்லியை அவ்விடத்திலேயே விட்டுவிட்டு, மனைவியைக் காணாமல் அலையும் சிங்கனையும், பறவை பிடிப்பதில் அவனுக்குத் துணையாகிய நூவனையும் கதை பின்தொடர்கிறது. கண்ணி வைத்தல், பறவைகள் வந்து மேய்தல், கண்ணிக்குத் தப்பிப் பறத்தல், சிங்கியை நினைத்துச் சிங்கன் புலம்புதல் என இப்பகுதி நீண்டு, இறுதியில் இருவரும் சந்தித்து உரையாடுவதில் முடிகிறது. தலைவனோ உலா வந்ததற்கு மேல் எதுவும் செய்வதில்லை. கிளைக்கதையாகத் தொடங்கியது நேர்கதையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இதற்குக் காரணம் குறவஞ்சி உருவான வரலாற்றில் உள்ளது. குறி சொல்லும் பெண்ணின் மரபு மிகப் பழையது. கட்டுவிச்சி எனவும் அகவன்மகள் எனவும் அழைக்கப்பட்ட அவளைச் சங்கப் பாடல்களிலேயே காணலாம். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை குறம், குறத்தியின் கூற்றையே ஒரு தனி இலக்கியமாக ஆக்கியது. மறுபுறம், தலைவனின் பவனியையும் அதைக் கண்ட பெண்களின் காதலையும் பாடும் உலா இலக்கியம் கோயில்களிலும் அரசவைகளிலும் வேரூன்றியிருந்தது. இவ்விரண்டோடு வேட்டுவ ஆடலும் சேர்ந்தபோது குறவஞ்சி முழுவடிவம் பெற்றது. ஆகவே அதன் முற்பகுதி உலாவின் வழியிலும் பிற்பகுதி குறத்தின் வழியிலும் செல்வது இயல்பே.

கவிராயரின் தனித்திறம், இந்தப் பிற்பகுதியில் ஓர் ஊரின் நில அமைப்பையே நாடகத்துக்குள் கொண்டுவந்ததில் தெரிகிறது. மூன்று சிகரங்கள் உடையதால் திரிகூடம் எனப்பட்ட மலையின் வளத்தைச் சிங்கி பாடும்போது அருவியும் குரங்கும் மூலிகையும் இடம்பெறுகின்றன. மலைகளை உறவினர்களாகக் கொண்டு கொல்லிமலையையும் பழனிமலையையும் அவள் தன் குடும்பத்தோடு இணைக்கிறாள். பறவைகள் மேயும் இடங்களைச் சொல்லும் பாட்டு குற்றாலத்தைச் சூழ்ந்த வயல்களின் வழியே செல்கிறது. சிங்கி பூண்டுள்ள அணிகளை அறியாத சிங்கன் ஒவ்வொன்றையும் சுட்டிக் கேட்க, அவள் அதன் பெயரோடு அதைப் பரிசாகப் பெற்ற நாட்டையும் சொல்வதால், சேலமும் கண்டியும் குற்றாலத்து மேடைக்கு வந்துவிடுகின்றன.

இந்நூலுக்காக, 1706 முதல் 1732 வரை மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் கவிராயருக்கு நிலம் வழங்கினார். அந்நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர் பெற்றது. இதன்பின் குறவஞ்சியின் வழியில் பலர் நடந்தனர். கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியைத் தலைவராக்கிச் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பாடினார். அது தஞ்சைப் பெரியகோயிலில் தேவதாசியரால் ஆடப்பட்டது. நெல்லைச் சீமையில் 1774இல் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார், இயேசுவைத் தலைவராகக் கொண்டு பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். தலைவனும் சமயமும் மாறியபோதும் குறத்தி மாறவில்லை.

இன்றைய இணையவழிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் இந்த அமைப்பின் தனித்தன்மை மேலும் தெளிவாகும். பலர் ஒரே கற்பனை உலகுக்குள் நுழைந்து ஆளுக்கொரு பாத்திரம் பூண்டு ஆடும் இவ்வகையின் முன்னோடியான ‘மட்’, 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் எழுத்துத் திரையில் உருவானது. அதில் எல்லோரும் பின்பற்ற வேண்டிய தொடர்கதை இல்லை. 2013இல் புதுவடிவில் வெளிவந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி 14’ போன்றவற்றிலோ, மெயின் ஸ்டோரி எனப்படும் நேர்கதையைப் படிப்படியாக முடித்தால்தான் புதிய நிலப்பகுதிகள் திறக்கும். அங்கே ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தாமே தனிப்பெரும் நாயகர் என்ற நிலையில் ஒரே வழியில் நடக்கின்றனர்; கிளைக்கதைகளை விரும்பினால் ஆடலாம், விட்டும் விடலாம். குறவஞ்சியில் நேர்கதையின் நாயகன் வீதியோடு மறைகிறான்; விட்டுவிடத்தக்கதாகத் தோன்றும் கிளையில்தான் நிலம் திறக்கிறது.

மேடையில் குறத்திக்குக் கிடைத்த இந்த மதிப்பு வாழ்க்கையில் குறவர்களுக்குக் கிடைக்கவில்லை. குறிசொல்லியும் கூடை முடைந்தும் ஊர் ஊராகச் சென்ற குழுக்கள் பல, 1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ்ச் சென்னை மாகாணத்தில் கண்காணிப்புக்கு உள்ளாயின. 1947இல்தான் அச்சட்டம் இம்மாகாணத்தில் நீக்கப்பட்டது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கமும் அதே ஆண்டில் சட்டத்தால் தடுக்கப்பட, தேவதாசியரின் ஆடலாக வாழ்ந்த குறவஞ்சி தன் பழைய களத்தை இழந்தது. அதற்கு முன்பே, 1944இல், ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திரா குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கிப் புதிய அரங்குக்குக் கொண்டுசென்றிருந்தது. குற்றாலத்தில் தம் இறுதிக் காலத்தைக் கழித்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் அதன் பாடல்களின் சுவையை வாசகரிடையே பரப்பினார்.

இன்று தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்பு மாணவர் பாடநூலில் படிப்பது வசந்தவல்லியின் காதலை அன்று, சிங்கனும் சிங்கியும் நிகழ்த்தும் வினாவிடையை. உலாவும் காதலும் அக்காலக் கோயில் மேடை எதிர்பார்த்த தொடக்கமாக அமைந்தன. அத்தொடக்கம் தந்த உரிமையைக் கொண்டு கவிராயர் மலையையும் வயலையும் வேட்டுவரையும் அம்மேடையில் ஏற்றினார். நேர்கதையை எல்லோரும் முன்பே அறிந்திருந்ததால், அதை முடித்துக்காட்டும் கடமை அவருக்கு இருக்கவில்லை. குற்றாலத்தைச் சுற்றிக்காட்ட அவருக்குப் போதிய நேரம் கிடைத்தது.