பாதியில் ஒரு பூஜ்யம்

ஆக்லாந்து வெஸ்ட்ஹேவன் படகுத்துறையில் நிற்கும் படகுகளுக்குள் எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரிதான். பிளஸ் ஒன்று, எர்த் ஒன்று. அதற்குக் கீழே எதுவும் இல்லை. நண்பர் தன் படகின் மைக்குக்காக என்னிடம் நீட்டியதோ, பிளஸ் 15, மைனஸ் 15 இரண்டும் கேட்கும் பழைய 741 ஐசி, குரலைப் பெருக்கும் ஓர் ஆப்-ஆம்ப். "மைனஸுக்குத் தனியா ஒரு பேட்டரி வாங்கணுமா?" என்றார்.

அந்த மைனஸ் ஆசை ஆப்-ஆம்ப்புக்குப் பிறவிக் குணம். 1941இல் பெல் லேப்ஸில் கார்ல் ஸ்வார்ட்ஸல் வால்வுகளால் அதைக் கட்டினார். போர்க்காலத்தில் பீரங்கிக் குறியைக் கணக்கிடும் கருவிக்குள் போனது. 'ஆபரேஷனல்' என்ற பெயரே 1947இல், கூட்டல் கழித்தல் செய்வதால் வந்தது. கழித்தால் விடை பூஜ்யத்துக்குக் கீழேயும் போகுமே! 1953இல் விற்பனைக்கு வந்த ஃபில்பிரிக் கே2-டபிள்யூ, பிளஸ் 300, மைனஸ் 300 வோல்ட் கேட்டது. 1968இல் டேவ் ஃபுல்லகரின் 741 வந்தபோது வோல்ட் இறங்கியது, பழக்கம் இறங்கவில்லை.

ஆனால் 741இன் எட்டுக் கால்களை எண்ணிப் பாருங்கள். ஏழாவது பிளஸ், நான்காவது மைனஸ். எர்த்துக்கென்று ஒரு காலும் கிடையாது! பூஜ்யம் எங்கே என்று அதற்குத் தெரியவே தெரியாது. இந்த அறியாமையில் பிறந்ததுதான் பாதி வோல்ட் தந்திரம். சமமான இரண்டு ரெசிஸ்டரை பேட்டரிக்குக் குறுக்கே தொடராகப் போட்டால் நடுவில் 6 வோல்ட். அதையே பூஜ்யம் என்று ஐசியிடம் சொல்லிவிடலாம். பேட்டரியின் இரைச்சல் அங்கே ஏறாமலிருக்க, அந்த நடுப்புள்ளியிலிருந்து எர்த்துக்கு ஒரு கெப்பாசிட்டர். ஒலி உள்ளே வரவும் வெளியே போகவும் ஆளுக்கொரு கெப்பாசிட்டர்.

முதல் முறை எனக்கு ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை. பெருக்கத்தைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டரை நேரே எர்த்தில் கட்டியிருந்தேன். ஐசி அந்த 6 வோல்ட்டையும் பதினோரு மடங்காக்கப் பார்த்தது. 66 வோல்ட்டுக்கு எங்கே போகும்? உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது. அந்த ரெசிஸ்டரோடு தொடராக ஒரு கெப்பாசிட்டர் வைத்ததும் நேர்மின்சாரத்துக்குப் பெருக்கம் ஒன்றே ஆனது. குரல் மட்டும் பெருகியது.

1972இல் நேஷனல் செமிகண்டக்டரின் எல்எம்324 வந்தது. அதன் உள்ளீடு எர்த் வரை இறங்கும். டேங்க் மட்டம், வெப்பம் பார்க்கும் சென்சாருக்கு நடுப்புள்ளியே வேண்டாம். மைக் அப்படியில்லை, மேலும் கீழும் ஆடும். மைனஸ் இல்லாமல் இந்த ஐசிகளால் எர்த்துக்குக் கீழே தள்ள முடியாதே.

நண்பர் இரண்டாவது பேட்டரி வாங்கவில்லை. 741, இரண்டு ரெசிஸ்டரோடு, அதே படகில்தான் இருக்கிறது.