குளிர் தாங்கும் உடம்பு

மார்கழி பிறந்தால் பெங்களூர்த் தமிழர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு ஒன்று உண்டு: "நமக்கென்ன, குளிர் பழகிப்போச்சு!" 1809-ல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மென்ட் அமைத்த பிறகு, படையை ஒட்டி வேலைக்கும் வியாபாரத்துக்குமாக நம்மவர் பலர் வந்து குடியேறினார்கள். 1884 ஜனவரி 13 அன்று இந்நகரில் வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. அந்தக் குளிரையும் தாங்கிய பரம்பரைதான். ஆனால் பழக்கம் மட்டும் உடம்பைச் சூடாக்கிவிடுமா?

குளிரில் பல் தந்தியடிக்கிறதே, அது தசைகள் நடுங்கி வெப்பம் உண்டாக்கும் வழி. பச்சைக் குழந்தைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. அதற்காகவே கழுத்து, தோள்பட்டை, சிறுநீரகம் இவற்றை ஒட்டிப் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. சாதாரணக் கொழுப்பு சேமித்து வைக்கும். இதுவோ எரித்து வெப்பமாக்கும்.

சுவிட்சர்லாந்தின் கெஸ்னர் 1551-லேயே மலை அணில் இனமொன்றில் இதைக் கண்டு எழுதினார். ஆனால் இது வெப்பம் தரும் உறுப்பு என்பது 1960-களில்தான் தெளிவாயிற்று. வளர்ந்தவர்களிடமும் இது வேலை செய்கிறது என்பதை 2009-ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் உறுதிப்படுத்தின. நடுங்காமலேயே தசை வெப்பம் தருவதில் சார்கோலிப்பின் என்ற சிறு புரதத்துக்குப் பங்கு உண்டு என்று எலிகளில் காட்டி, 2012-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முத்து பெரியசாமி குழுவினர் வெளியிட்டார்கள்.

தினமும் குளிரில் இருந்தால் பழுப்புக் கொழுப்பின் வேலை கூடும் என்பதும் 2013-ல் தெரியவந்தது. ஆகவே பழக்கம் என்பது வெறும் பேச்சில்லை. ஆனாலும் அடுப்பு எரிய விறகு வேண்டுமே! இதைப் பற்றிய முக்கியமான ஆய்வொன்று நம் ஊரிலேயே நடந்தது. ஊட்டக்குறைவு உள்ளவர்களின் உடம்பு குளிருக்கு ஈடாக வெப்பம் உண்டாக்கும் திறனில் பின்தங்குகிறது என்று செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் அனுரா குர்பாத், பிரகாஷ் ஷெட்டி ஆகியோர் 1989-ல் எழுதினார்கள்.

கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் சுருண்டு படுத்திருப்பவரைப் பார்த்து, "அவங்களுக்கெல்லாம் பழகிடும்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அரைவயிற்றோடு படுப்பவருக்குக் குளிர் அவ்வளவு எளிதில் பழகாது. குளிர்காலத்தில் கம்பளி வழங்குவது நல்ல காரியம்தான். கம்பளி இருக்கிற சூட்டைக் காக்கும். சூட்டை உண்டாக்குவது சாப்பாடு. இரண்டையும் சேர்த்தே கொடுப்போம்.