கரமனைக்கு எட்டிய தமிழ் ஒலி: மத்திய அலை முதல் இணைய வானொலி வரை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலை ஆற்றைக் கடக்கும் இடத்தில் உள்ளது கரமனை. இசை வரலாற்றில் அது நீலகண்ட சிவனின் (1839–1900) ஊர். இளமையில் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த பாபநாசம் சிவன் அவருடைய பஜனை மரபில் தோய்ந்தவர். ஆற்றங்கரை அக்கிரகாரத் தெருக்களில் பல தலைமுறைகளாகத் தமிழ் பேசப்பட்டு வருகிறது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. கரமனை கேரளத்தில் நின்றது. மாநில எல்லை களியக்காவிளையில் வரையப்பட்டது. வானொலி அலைகளின் எல்லைகளோ வேறு. மலை, கடல், அயனி மண்டலம், அலைபரப்பியின் திறன் ஆகியவை அவற்றை வரைந்தன.

டிஜிட்டல் வானொலி முறைகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் பிட் வீதத்தையும் ஒலிக்குறுக்க முறையையும் அடுக்கி வைத்து எது மேலானது என்று தீர்ப்புச் சொல்கின்றனர். நிலையம் இருக்கும் ஊரில் வாழ்பவருக்கு அந்தத் தீர்ப்பு போதுமானது. தம் மொழியின் நிலையங்கள் வேறு மாநிலத்தில் இருக்க, எல்லைக்கு இப்பால் இருந்து கேட்பவருக்கு ஒலித்தரத்திற்கு முன்னதாக வேறொரு வினா உண்டு: அந்த ஒலி வந்து சேருகிறதா? சேர்ந்தால் எந்த நேரத்தில், எந்தப் பருவத்தில், யாருடைய அனுமதியோடு? கரமனையை நோக்கு நிலையமாகக் கொண்டால் வானொலித் தொழில்நுட்பத்தின் வரலாறு சற்றே வேறு வடிவம் கொள்கிறது.

திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் 1943 மார்ச் 12 அன்று தொடங்கியது. 1950 ஏப்ரல் 1 அன்று அதை அகில இந்திய வானொலி ஏற்றுக்கொண்டது. கருநாடக இசை கேட்பவர்களுக்கு உள்ளூர் நிலையமே பெருந்துணை. பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபக் கச்சேரிகளை அது நேரடியாக ஒலிபரப்பி வந்திருக்கிறது. ஆனால் தமிழ்ச் செய்திக்கும் உரைக்கும் நாடகத்திற்கும் திரையிசைக்கும் வெளியூர் நிலையங்களையே நாட வேண்டியிருந்தது. சென்னை நிலையம் 1938 இலும் திருச்சி நிலையம் 1939 இலும் திருநெல்வேலி நிலையம் 1963 இலும் தோன்றின. நேர்கோட்டில் திருச்சி ஏறத்தாழ 320 கிலோமீட்டர்; திருநெல்வேலி அதில் மூன்றிலொரு பங்கிற்கும் குறைவு. இரண்டுக்கும் கரமனைக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது.

கொழும்பு இன்னும் தொலைவு: ஏறத்தாழ 360 கிலோமீட்டர். ஆயினும் அந்தப் பாதையின் பெரும்பகுதி மன்னார் வளைகுடாவின் உப்புநீர். மத்திய அலையின் தரையலை, மின்கடத்து திறன் மிக்க கடல்நீரின் மேல் நிலத்தின் மேல் செல்வதைவிட நெடுந்தொலைவு வலுக்குன்றாமல் செல்லும். இயற்பியல் இவ்வாறு கொழும்புக்குச் சாதகமாக இருந்தபோது ஆட்சிக் கொள்கையும் அதற்குத் துணை செய்தது. 1952 இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரையிசைக்கு இடமில்லாமல் செய்தார். 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கும்வரை அந்த வெற்றிடத்தை இலங்கை வானொலியின் வர்த்தக சேவை நிரப்பியது. அதன்பின்னும் நேயர்களைத் தக்கவைத்துக்கொண்டது. எஸ்.பி. மயில்வாகனனின் குரல் தென்தமிழகத்தில் வீட்டுக்குரலாக ஆனதற்குத் திறமையோடு, அயல்நாட்டு அலைபரப்பியை அண்டை நிலையமாக்கிய கடலும் காரணம்.

பண்பலை இந்த நிலவரைபடத்தைச் சுருக்கியது. 1984 அக்டோபரில் நாகர்கோவிலில் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் பண்பலையில் தொடங்கியது. ஒலியலைவரிசை 15 கிலோஹெர்ட்ஸ் வரை விரிந்தது. இடியும் மின்கம்பி இரைச்சலும் பெரிதும் ஒடுங்கின. ஆனால் பண்பலை ஏறத்தாழப் பார்வைக் கோட்டில் செல்வது. நாகர்கோவில் கரமனையிலிருந்து நேர்கோட்டில் 60 கிலோமீட்டர் அளவே. இடையில் வேளிமலை முதலான குன்றுகள். மொட்டைமாடி உணர்கொம்புக்குக் கிடைக்கக்கூடியது கூடத்துப் பெட்டிக்குக் கிடைக்காமல் போகலாம். ஒலித்தரம் உயர்ந்தது; எட்டும் தொலைவு குறைந்தது. பின்னர் வந்த ஒவ்வொரு டிஜிட்டல் முறையும் இந்த இரண்டையும் ஒருசேரத் தருவதாகவே உறுதி சொன்னது.

மத்திய அலையின் ஒலியைக் குறைத்து மதிப்பிடுவது எளிது. 1978 நவம்பர் முதல் நம் பகுதியில் அலைவரிசைகளுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி நடைமுறைக்கு வந்தது. ஆகவே அண்டை நிலையத்தோடு மோதாமல் செல்லக்கூடிய ஒலி ஏறத்தாழ 4.5 கிலோஹெர்ட்ஸ் வரையே. பல பெட்டிகளின் வடிப்பான்கள் அதையும் குறைத்தன. மொழியியல் நோக்கில் இதன் விளைவு ஒரே சீரானது அன்று. ழகரத்தை அடையாளம் காட்டும் முதன்மைக் கூறு மூன்றாம் ஒலிச்செறிவு கீழிறங்குவது. அது 2 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் நிகழ்வதால் மத்திய அலையில் பழுதின்றி வரும். ழகர, ளகர, லகர வேறுபாடு இரைச்சலுக்கு நடுவிலும் பிழைத்தது. மாறாக, ஸகர உரசொலியின் ஆற்றல் பெரும்பாலும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பது; அங்கேதான் வெட்டு விழுந்தது. தம்புராவின் மேல்நிலைச் சுரங்களும் அங்கேயே உதிர்ந்தன. பகலில் தரையலை; இரவில் சூரிய ஒளியால் நிலைபெறும் ‘டி’ அடுக்கு மறைய, வான் அலைகள் மீண்டு வந்து தொலைநிலையங்களையும் அவற்றோடு மங்கலையும் மோதலையும் கொண்டு வந்தன. இந்தக் குறைகள் அனைத்துக்கும் ஒரு பொது இயல்பு உண்டு. ஒலி சிறிது சிறிதாகத் தேயும். பாதி கேட்டும் பொருள் கொள்ளலாம்.

முதல் டிஜிட்டல் விடை வானிலிருந்து வந்தது. நோவா சமாரா நிறுவிய வேர்ல்ட்ஸ்பேஸ், 2000 மார்ச்சில் ஏசியாஸ்டார் செயற்கைக்கோளை ஏவியது. கிழக்கு நெடுவரை 105 பாகையில் நின்ற அது, கரமனையிலிருந்து நோக்கக் கிழக்கே சற்றுத் தெற்காக, தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 55 பாகை உயரத்தில் இருந்தது. தமிழுக்குக் கே.எல். ரேடியோ, மலையாளத்துக்கு ஆர்.எம். ரேடியோ, கருநாடக இசைக்கு ஸ்ருதி என அலைவரிசைகள் ஒரே பெட்டியில் வந்தன. எல்லைக்கு அப்பால், இப்பால் என்ற பேதம் முதன்முறையாக நீங்கியது. சென்னையில் கேட்ட அதே தரத்தில் கரமனையிலும் கேட்டது. 1.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய ‘எல்’ அலைவரிசையை மழை பெரிதாகத் தடுக்காது. இரு பருவமழைகளையும் பெறும் திருவனந்தபுரத்திற்கு இது சிறு நன்மை அன்று. ஆனால் சுவரும் அடர்ந்த மரக்கிளையும் தடுக்கும். கிழக்கு வானம் திறந்திருக்கும் சன்னல் வேண்டும்.

ஒலித்தரம் அலைவரிசைக்கு ஒதுக்கிய பிட் வீதத்தைப் பொறுத்தது. 16 முதல் 128 கிலோபிட் வரை இடமிருந்தது. அந்தத் தரத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது மழையோ மலையோ அன்று, கணக்கேடு. நிறுவனம் 2008 அக்டோபரில் திவால் பாதுகாப்புக் கோரியது. 2009 டிசம்பர் 31 உடன் இந்தியச் சேவை நின்றது. சந்தாவுக்காகப் பூட்டப்பட்ட ஒலி என்பதால் பெட்டிகள் ஒரே நாளில் பயனிழந்தன. 1943 ஆம் ஆண்டின் வால்வு வானொலி, பழுது பார்த்தால், அரை நூற்றாண்டு கழித்தும் மத்திய அலையைப் பிடித்தது. அதன் அருகில் வைத்துப் பார்த்தால் இந்த முடிவின் புதுமை விளங்கும். வானொலி வரலாற்றில் கேட்கும் கருவியின் ஆயுள் ஒரு நிறுவனத்தின் ஆயுளோடு கட்டப்பட்டது.

இரண்டாம் விடை தூர்தர்ஷனின் இலவச டி.டி.எச். சேவை. 2004 டிசம்பரில் தொடங்கிய அது, தொலைக்காட்சியோடு அகில இந்திய வானொலியின் பல மொழி அலைவரிசைகளையும் கொண்டுவந்தது. சந்தா இல்லை, மங்கல் இல்லை, தமிழ் அலைவரிசை மாநில எல்லையைப் பொருட்படுத்தவில்லை. 2016 ஜனவரி 26 அன்று தொடங்கிய செவ்விசை அலைவரிசையான ‘ராகம்’ இவ்வழியிலும் கிடைத்தது. குறைகள் இரண்டு. ‘கேயு’ அலைவரிசையைக் கனமழை தடுக்கும். இடவப்பாதி மழையின் உச்சத்தில் ஒலி அறுந்துபோகும். வானொலி கேட்கத் தொலைக்காட்சியை இயக்கி வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. அடுக்களையிலும் திண்ணையிலும் இருந்த பெட்டி, கூடத்துச் சுவருக்கு மீண்டும் கட்டப்பட்டது.

மூன்றாவது டி.ஆர்.எம். எனப்படும் டிஜிட்டல் ரேடியோ மோண்டியல். பழைய மத்திய அலையிலும் சிற்றலையிலுமே டிஜிட்டல் ஒலியை அனுப்பும் இம்முறையை அகில இந்திய வானொலி 2009 இல் சிற்றலையில் தொடங்கியது. பின்னர் 35 மத்திய அலை அலைபரப்பிகளில் நிறுவியது. சென்னையும் திருச்சியும் அவற்றுள் அடங்கும். 10 கிலோஹெர்ட்ஸ் இடத்திற்குள் ஏறத்தாழ 20 கிலோபிட் அளவே செல்லும்; ஆனால் எம்.பி. 3 முறையைவிடச் சிக்கனமான ஏ.ஏ.சி. வழிக் குறுக்கம் அதைத் தாங்கிக்கொள்கிறது. இரைச்சலும் மோதலும் கேட்பதில்லை. எனினும் இங்கே தேய்தல் என்ற படிநிலை கிடையாது. குறிகை வலு ஓரளவுக்கு மேல் இருக்கும்வரை ஒலி முழுமை; அதற்குக் கீழே மௌனம். பழைய ஒலியையும் புதிய ஒலியையும் ஒரே அலைபரப்பி சேர்ந்து அனுப்பும்போது டிஜிட்டல் பகுதிக்கு ஒதுக்கப்படும் திறன் குறைவு. மலைக்கு இப்பால் விளிம்பில் இருக்கும் நேயருக்கு இது முக்கியம். பழைய முறையில் அவர் இரைச்சலோடு கேட்டிருப்பார். புதிய முறையில் ஒன்றும் கேட்கமாட்டார். புதிய கார்கள் பலவற்றில் டி.ஆர்.எம். பொருத்தப்பட்டு வருகிறது, வீட்டில் வைக்கும் பெட்டிகளோ அரிது.

குறைந்த பிட் வீத ஒலியில் மொழி ஆய்வாளர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உயர் அலைவெண் பகுதியை அப்படியே அனுப்ப இடமில்லாதபோது, கீழ்ப்பகுதியை மட்டும் அனுப்பி, மேற்பகுதியின் ஆற்றல் வரைவைச் சில எண்களாகச் சேர்த்துவிடுகிறார்கள். பெட்டி அந்த எண்களைக் கொண்டு மேற்பகுதியை மீட்டுருவாக்குகிறது. மத்திய அலையில் காணாமற்போன ஸகரம் இங்கே தெளிவாகக் கேட்கிறது. ஆனால் அது அறிவிப்பாளரின் வாயிலிருந்து புறப்பட்ட ஸகரத்தின் பிரதி அன்று. பெட்டி ஊகித்துத் தந்தது. தம்புராவின் மேல்நிலைச் சுரங்களுக்கும் இதுவே பொருந்தும். கேட்பின்பத்துக்கு இது போதும். இத்தகைய பதிவிலிருந்து உரசொலிகளை அளந்து உச்சரிப்பு மாற்றத்தைப் பற்றி முடிவு சொல்பவர், பேசியவரை அல்லாமல் குறுக்க முறையை அளந்தவர் ஆகக்கூடும்.

இன்று பெரும்பாலோரின் வழி இணையம். 2016 க்குப் பின் கைப்பேசித் தரவின் விலை சரிந்ததும், 64 கிலோபிட் ஒலி மணிக்கு 29 மெகாபைட் அளவே என்பதும் அதை எளிதாக்கின. மலையும் கடலும் பொருட்டல்ல. திருநெல்வேலியும் கொழும்பும் ஒரே தொலைவு. ஒலித்தரத்தில் மேற்கண்ட பலவற்றை அது விஞ்சும். நேர அறிவிப்பு சில நொடிகள் பிந்தி ஒலிப்பது சிறு குறை. மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் ஒருசேர ஓயும் புயல் இரவில் அது இல்லாமற்போவது பெருங்குறை. யார், எப்போது, எதைக் கேட்டார் என்பது வழங்கிக் கணினியில் பதிவாவது மூன்றாவது. மத்திய அலை நேயரை எந்த நிலையமும் எண்ணியதில்லை, பெயர் கேட்டதுமில்லை.

ஆகவே ஒலித்தரம் ஒன்றையே அளவுகோலாக்கினால் மத்திய அலை கடைசியில் நிற்கும். நெருக்கடி நேரத்தில் எட்டுதல், கருவியின் ஆயுள், அனுமதி வேண்டாமை ஆகியவற்றையும் சேர்த்தால் வரிசை மாறும். மத்திய அலையை மூடுவதா, டிஜிட்டலாக்குவதா என்ற விவாதத்தில் நிலையத்தின் சொந்த மாநிலத்து நேயர்களே கணக்கில் வருகின்றனர். எல்லைக்கு அப்பாலுள்ள மொழிச் சிறுபான்மையினர் எந்த நிலையத்தின் பரப்பெல்லைப் படத்திலும் இல்லை.

கேட்டலின் வரலாற்றுக்கு ஆவணம் குறைவு. ஒலிபரப்பியவற்றின் பட்டியல் நிலையங்களில் எஞ்சலாம்; எட்டியவற்றின் பட்டியல் எங்கும் இல்லை. அது மூத்த நேயர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. கரமனை, வள்ளக்கடவு, சாலை போன்ற இடங்களில் வாய்மொழி வரலாறு திரட்டும் மாணவர்கள், என்ன நிகழ்ச்சி கேட்டீர்கள் என்பதோடு நின்றுவிடக் கூடாது. எந்த நிலையம், பகலா இரவா, மழைக்காலத்தில் எப்படி, பெட்டியை வீட்டின் எந்தப் பக்கம் திருப்பி வைத்தீர்கள் என்றும் கேட்க வேண்டும். கிழக்கு, தெற்கு என்று அவர்கள் சொல்லும் திசைகளிலிருந்தே அந்த வரைபடத்தை வரைய முடியும்.