'4+4 ஜிபி' என்பது எட்டு அல்ல

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மலையகத் தோட்டங்களில் பல பிள்ளைகளின் வகுப்பறை வீட்டிலிருந்த ஒரேயொரு கைபேசிக்குள் சுருங்கியது. சூம் வகுப்பின் நடுவே வாட்ஸ்அப்பில் வந்த வினாத்தாளைத் திறந்துவிட்டுத் திரும்பினால் வகுப்பைக் காணோம். பழி சிக்னல் மீது விழுந்தது. பலவேளைகளில் காரணம் நினைவகப் பற்றாக்குறை.

கைபேசியின் நினைவகம் லயத்துக் காம்பரா போன்றது. இடம் கொஞ்சம், ஆட்கள் அதிகம். அண்ட்ரொய்டின் அடியிலுள்ள லினக்ஸ் கருவகம், அப்போதைக்குத் தேவைப்படாத தரவைச் சுருக்கி அங்கேயே ஒரு மூலையில் வைக்கும். துணிமணிகளை அமுக்கிச் சாக்கில் கட்டுவதுபோல. இதற்கான 'சீரம்' ஏற்பாடு 2014இல் லினக்ஸின் முறையான பகுதியாகியது.

ஆனால் சாக்கும் காம்பராவுக்குள்தானே கிடக்கிறது! நெடுநாள் தொடாத சாக்குகளை இஸ்தோப்புக்கு, அதாவது கைபேசியின் சேமிப்பகத்துக்கு, நகர்த்தினால்தான் இடம் பிறக்கும். கணினிகளில் இதே வேலையைச் செய்யும் 'சீஸ்வாப்', முன்பு தனக்கான பங்கு நிரம்பும் வரை பெரும்பாலும் காத்திருந்தது. அந்தப் பங்கு வழமையாக மொத்த நினைவகத்தில் 20 சதவீதம். 2024 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 6.8, நெருக்கடி தொடங்கும்போதே பழைய சாக்குகளை முன்கூட்டி வெளியேற்றும் வசதியைச் சேர்த்தது. வெளியே போனவை அடிக்கடி திரும்பக் கேட்கப்பட்டால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சரியான ஏற்பாடு என்றே சொல்லவேண்டும்.

விலை குறைந்த கைபேசிகளின் பெட்டிகளில் '4+4 ஜிபி' என்று அச்சிடப்படுவதில் பின்னுள்ள நான்கு இந்த இஸ்தோப்புத்தான். சேமிப்பகம் நினைவகத்தைவிடப் பல மடங்கு மெதுவானது. எழுத எழுதத் தேயவும் செய்யும். அதனால்தான் சீரத்தில் வெளியே எழுதும் அளவுக்கு வரம்பு வைக்க முடியும். பின்னணியில் கிடக்கும் செயலி மூடப்படாமல் இருக்க அது உதவும். கைபேசியை வேகமாக்காது.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். ஒரு கைபேசிக்காக எத்தனை நாள் பேர் போகிறது என்பதை வாங்குபவர்தான் அறிவார். கடையில் கேட்கவேண்டியது, கூட்டல் குறிக்கு முன்னுள்ள எண் எத்தனை என்பதே.